பாலத்தின் பாதியில் ஒரு மேகம்

பல் டாக்டர் சட்டைப்பையிலிருந்து பேனா அளவில் ஒரு விளக்கை எடுத்தார்.

“கடை லைட்டைக் கொஞ்சம் அணைக்கலாமா அம்மா? ஒரே நிமிஷம்.”

“எதுக்கு டாக்டர்? ஜாடிக்குப் பல்லு பிடுங்கப் போறீங்களா?” என்றார் அக்கா, கல்லாவை விட்டு எழாமலே.

அக்கா என்றால் என் கணவரின் அக்கா. நாங்கள் இருவரும் சேர்ந்துதான் இந்தக் கடையை நடத்துகிறோம். பழைய சீனப் பீங்கான், அதிலும் வெள்ளையில் நீலம் தீட்டியது மட்டும். தேடி வாங்குவது நான், பேசி விற்பது அக்கா. என் கணவர் இருந்தவரை பின்னறையில் உட்கார்ந்து உடைந்தவற்றை ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் போய் மூன்று வருஷமாகிறது.

விளக்கை அணைத்து, கண்ணாடிக் கதவின் திரையையும் இழுத்துவிட்டேன். டாக்டரின் பேனாவிலிருந்து ஊதா வெளிச்சம் ஜாடியின் மேல் விழுந்தது. பழைய பீங்கானின் மெருகு அந்த வெளிச்சத்தில் மங்கலாக, அழுக்கு ஊதாவாகத் தெரியும். பிற்பாடு யாராவது வர்ணம் பூசியிருந்தால் அந்த இடம் மட்டும் பால் சிந்தியதுபோல் வெளுக்கும். எங்களுக்கு இது புதிய சோதனை இல்லை. கடைக்கு வரும் ஒவ்வொன்றையும் இப்படிப் பார்த்த பிறகுதான் எடுப்போம். இந்த ஜாடியை மட்டும் நான் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருஷம் எங்கள் வீட்டுக் கூடத்து அலமாரியில் நின்ற ஜாடி இது. கூடவே இருப்பவர்களை யாரும் டார்ச் அடித்துப் பார்ப்பதில்லை.

வெளிச்சம் மெதுவாக நகர்ந்தது. மலை, பைன் மரம், பாறை, பாலம். பாலத்தின் நடுவில் வந்ததும் நின்றது.

உள்ளங்கை அகலத்துக்குப் பால் வெள்ளை.

வெளியே யாரோ சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது.

“போடுங்க அம்மா, லைட்டை” என்றார் டாக்டர்.

சாதாரண வெளிச்சத்தில் ஜாடி பழையபடி இருந்தது. முழங்கை உயரம். முந்நூற்றைம்பது வருஷத்துக்குக் குறையாது. மலையடிவாரத்தில் ஒரு மரப்பாலம்; அதில் கைத்தடியோடு ஒருவர் போகிறார். போகிறவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறார். அவருக்குப் பின்னால் பாலத்தின் பாதியை ஒரு சுருள்மேகம் மறைத்திருக்கிறது. அந்த மேகம்தான் எனக்கு இந்த ஜாடியிலேயே பிடித்த இடம். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவேன். ‘பாருங்க, அவர் யாரையோ திரும்பிப் பாக்குறார். யாருன்னு வரைஞ்சவன் சொல்லலை. அதுக்குப் பதிலா மேகத்தைப் போட்டுட்டான்.’ வெளுத்துத் தெரிந்தது அந்த மேகம்தான்.

ஜாடியின் கழுத்தில் நூலில் கட்டித் தொங்கிய அட்டையை டாக்டர் திருப்பினார். எங்கள் கடையில் எல்லாப் பொருளுக்கும் அப்படி ஓர் அட்டை உண்டு. இரண்டில் ஒன்று எழுதியிருக்கும்: ‘கை படாதது’ அல்லது ‘கை பட்டது’. பட்டது என்றால் எங்கே, என்ன செய்தோம் என்றும் எழுத வேண்டும். என் கணவர் வைத்த வழக்கம் இது. இந்த ஜாடியின் அட்டையில் ‘கை படாதது’ என்றிருந்தது.

“இது அவர் எழுத்து இல்லையே.”

“நான் எழுதினது. போன வாரம்.” வீட்டைக் காலிசெய்து, கடைக்கு மேலுள்ள இரண்டு அறைகளுக்கு வந்துவிட்டோம். இங்கே கூடமும் இல்லை, அலமாரிக்கு இடமும் இல்லை.

“அவர் சொன்னதைத்தானே எழுதினீங்க?”

நான் அட்டையின் நூலைச் சரிசெய்தேன்.

டாக்டர் விளக்கைப் பையில் செருகினார். “என் வீட்டுல உங்க கடைப் பொருள் பதினொண்ணு இருக்கு. எல்லாத்துலயும் அவர் கையால எழுதின அட்டை. விளக்கு வாங்கின அன்னிக்கே எல்லாத்தையும் அடிச்சுப் பாத்தேன், ஒண்ணும் தெரியலை. ஆனா இந்த வெளிச்சத்துக்குச் சிக்காத பெயின்ட்டும் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். இதைப் பாத்தப்புறம் அதுங்களை எப்படிப் பாக்குறதுன்னு எனக்குத் தெரியலை.”

“என் தம்பி பொய் எழுதுறவன் இல்ல” என்றார் அக்கா. குரலில் கேலி இல்லை.

“நானும் அதைத்தான் நம்பிட்டிருக்கேன். பல்லை அடைச்சா அடைச்சேன்னு சீட்டுல எழுதிக் குடுக்குறவன் நான். அடைச்சிட்டு இல்லைன்னு எழுதினா, அப்புறம் என் நாற்காலில யார் வந்து வாயைத் திறப்பாங்க?” அவர் எழுந்தார். “வியாழக்கிழமை வரேன். அதுக்குள்ள என்னன்னு பாத்து வைங்க. வாங்குறதைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

அவர் போனதும் அக்கா ஆரம்பித்தார்.

“தொடாத.”

“பாக்காம எப்படிக்கா?”

“ஜாடியை எடுத்து மேல வை. விக்கலைன்னு சொல்லிடு. அந்தப் பல்லுக்கு வேற ஜாடியா கிடைக்காது?”

“அவர் மட்டும் இல்லக்கா. இருநூறு அட்டையாவது வெளில இருக்கும். எல்லாமே இவர் எழுதினது.”

“அதனாலதான் சொல்றேன். நீ சுரண்டிப் பாத்து, உள்ள ஒரு பெரிய உடைசல் இருந்துச்சுன்னு வை. அப்புறம் அந்த இருநூறு பேரும் வாசல்ல வந்து நிப்பாங்க. செத்தவனை எழுப்பியா கேக்க முடியும்?”

“எனக்குத் தெரியணும்க்கா.”

“உனக்கா, கடைக்கா?”



அன்று சாயங்காலம் முழுக்க ஒரே விஷயத்தைத்தான் யோசித்தேன். இந்த ஜாடி கை படாதது என்று அவர் எப்போதாவது சொன்னாரா?

கல்யாணமான இரண்டாம் வருஷம் ஒரு பெட்டியில் வந்தது அது. இரண்டு மாதம் பின்னறையில் துணி போர்த்திக் கிடந்தது. பிறகு ஒரு நாள் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ‘இது விக்கிறதுக்கு இல்ல’ என்று மட்டும் சொன்னார். அலமாரியில் வைத்தார். சில நாள் கழித்து வந்த ஒரு விருந்தாளி ‘இதுல எதாவது ஒட்டுவேலை உண்டா?’ என்று கேட்டதற்கு, ‘கை படாதது’ என்றேன். அதைச் சொன்னது நான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஆற்றிக்கொண்டேயிருந்தார்.

எங்கள் வீட்டில் அவருடைய மௌனத்துக்கு ஆமாம் என்று பொருள். சாப்பாடு போதுமா, மௌனம். இந்தச் சேலை நல்லா இருக்கா, மௌனம். நானும் அதிகம் பேசுகிறவள் இல்லை. மணிக்கணக்காக இருவரும் ஒரே அறையில் ஒரு வார்த்தை இல்லாமல் இருப்போம், அது எங்களுக்குச் சுகமாகவே இருந்தது. ஆனால் அன்றைய அந்த ஒரு மௌனத்தை நான் சரியாகத்தான் படித்தேனா?

மறுநாள் காலை பின்னறையைத் திறந்தேன். அந்தக் கதவு தானாகவே சாத்திக்கொள்ளும். அதற்காக அக்கா ஒரு பழைய பிஸ்கட் டின்னை அண்டை கொடுத்து வைத்திருப்பார். டின் நிறைய உடைந்த வெள்ளைத் தட்டுச் சில்லுகள். ஒவ்வொன்றிலும் கொசு உட்கார்ந்ததுபோல் நீலப் பொட்டுகள். என் கணவர் தூரிகையைச் சோதித்துப் பார்த்த சில்லுகள் என்று நினைத்திருந்தோம். நல்ல கனம், கதவுக்கு வசதி.

ஜாடியை மணல் பையின் மேல் படுக்கவைத்தேன். வர்ணத்தைக் கரைக்கும் அசிட்டோன், பஞ்சு, மெல்லிய குச்சிகள். அசல் நீலத்துக்கு இதனால் ஆபத்தில்லை. அது மெருகுக்கு அடியில் இருக்கிறது, சூளையில் வெந்த பிறகு எந்தத் திரவமும் அதைத் தொடாது. பின்னால் பூசியது மெருகின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். பஞ்சைத் தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும். அவரிடம் கற்றதுதான்.

முதல் பஞ்சில் ஒன்றும் வரவில்லை. மூன்றாவதில் லேசான மஞ்சள். ஐந்தாவதில் நீலம்.

என் கை நின்றுவிட்டது. அந்த மேகத்தின் ஒரு சுருள் பஞ்சில் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் முந்நூற்றைம்பது வருஷத்து ஓவியனைப் புகழ்ந்திருக்கிறேன். நான் புகழ்ந்தவர் எதிர்நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

தொடர்ந்து உருட்டினேன். பாலத்தின் பலகை ஒன்று நீண்டு வந்தது. அதன் மேல் ஒரு காலணி.

“அக்கா!”

தொடாதே என்று சொன்னவர் அடுத்த நிமிஷம் முக்காலியோடு வந்து உட்கார்ந்தார். “என்னடி?”

“கால்.”

“யார் கால்?”

“தெரியலை. இன்னும் மேல வரலை.”

“சீக்கிரம் துடை.”

“சீக்கிரம் துடைக்கக் கூடாதுக்கா.”

“அவனும் இப்படித்தான் உயிரை வாங்குவான்.”

அங்கியின் ஓரம் வந்தது. பிறகு இடுப்புக் கச்சை. பிறகு துணியில் சுற்றிய நீளமான எதையோ அணைத்துக்கொண்டிருந்த இரண்டு கைகள். யாழ்போல ஏதாவது வாத்தியமாக இருக்கலாம். முன்னால் போகிறவருடைய சாமானைச் சுமந்துகொண்டு ஓர் ஆள் பின்னால் வேகமாக வந்துகொண்டிருந்தான். அங்கியின் மடிப்பே அந்த வேகத்தைச் சொன்னது. எங்கும் விரிசல் இல்லை. ஒவ்வொரு அங்குலம் திறக்கும்போதும் இதோ வரப்போகிறது என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அடியில் எல்லாம் நல்ல பீங்கான், நல்ல ஓவியம்.

தோள். கழுத்து. முடிச்சுப் போட்ட கொண்டை. கொண்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் பஞ்சு சற்றே தட்டியது.

அங்கே மாவு வைத்து அடைத்திருந்தது. ஊசிமுனையால் எடுத்தேன். ஒரு மூளி. துவரம்பருப்பில் பாதிகூட இருக்காது. மெருகு தெறித்து உள்வெள்ளை தெரிந்தது. பின்னால் வந்தவனுக்கு முகம் இல்லை.

ஜாடிக்குள் விளக்கை இறக்கிப் பார்த்தேன். சுண்டிப் பார்த்தேன், கணீரென்றது. வேறு எந்தக் குறையும் இல்லை.

“இவ்ளோதானா?” என்றார் அக்கா.

“இவ்ளோதான்.”

“இதுக்கா அவ்ளோ பெரிய மேகம்?”

அதுதான் எனக்கும் புரியவில்லை. நாற்பது துண்டாக வந்த தட்டை, எங்கே உடைந்தது என்று கண்டுபிடிக்க முடியாதபடி சேர்த்துக் கொடுத்தவர் அவர். மூளியை அடைத்து வர்ணம் வைப்பது அவருக்கு அரைமணி நேர வேலை. நல்ல இடத்தின் மேல் ஒரு முடி அகலம்கூட வர்ணம் ஏறக் கூடாது என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். அதை மீறியவர்களைக் கொலைகாரர்கள் என்பார். அவர் ஒரு முழு மனிதனை மூடியிருக்கிறார்.

முன்னால் போகிறவரின் முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு புள்ளி, ஒரு கோடு. அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று தொடுகையில் அவர் யாரையோ கூப்பிடுகிறார், கொஞ்சம் சலிப்போடு, கொஞ்சம் சிரிப்போடு.

“முகம்” என்றேன். “முகம் போடணுமே, அதான்.”

அக்கா ஜாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார்.

“அவனுக்கு மூஞ்சி வராதுடி! ஸ்கூல்ல படிக்கும்போது எங்க அப்பாவை வரைஞ்சு காட்டினான். பூசணிக்காய்க்கு மீசை வச்ச மாதிரி இருந்துச்சு. அப்பா நாலு நாள் அவன்கூடப் பேசலை. அதுக்கப்புறம் மரம் வரைவான், மலை வரைவான். மாடு வரைஞ்சாக்கூடப் பின்பக்கமாத்தான் வரைவான். வால் மட்டும் பிரமாதமா இருக்கும்.”

“எனக்கு இது தெரியாதேக்கா.”

“உன்கிட்ட எப்படிச் சொல்லுவான்? நீதான் அவன் கையை உலகத்துல இல்லாத கைன்னு சொல்லிட்டிருந்தியே.”

அலமாரியிலிருந்து அவருடைய வேலைப் பதிவேட்டை எடுத்தேன். செய்தது, செய்யாதது எல்லாம் அதில் இருக்கும். பக்கம் பக்கமாகத் தேடினேன். ‘கிண்ணம், விளிம்பு மூளி, முடிந்தது.’ ‘தட்டு, மூன்று துண்டு, முடிந்தது.’ ‘குவளை, பெண் உருவம், தலையில் சேதம், நேரமில்லை, திருப்பி அனுப்பினேன்.’ நான்கு பக்கம் தள்ளி, ‘தட்டு, குதிரைவீரன், முகத்தில் சேதம், நேரமில்லை.’ அப்படி ஒன்பது. ஊரே அவரிடம் வேலை கொடுக்கக் காத்திருந்த காலம். நேரமில்லை என்றால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். நானும் படவில்லை.

அப்போதுதான் கதவடியில் இருந்த டின் கண்ணில் பட்டது.

ஒரு சில்லை எடுத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தேன். கொசுவல்ல. இரண்டு புள்ளி, ஒரு கோடு. பக்கத்தில் இன்னொன்று. சில்லுக்கு இருபது, முப்பது முகம். டின் நிறையச் சில்லு. இரண்டு மாதம் துணி போர்த்திய ஜாடியின் பக்கத்தில் உட்கார்ந்து இதைத்தான் செய்திருக்கிறார். ஒன்று அழுதது. ஒன்று முறைத்தது. ஒன்று தூங்கியது. ஒன்றுகூட ஓடி வருகிறவனின் முகமாக இல்லை.

நானும் ஒரு சில்லை எடுத்து முயன்று பார்த்தேன். பத்து முகம். மேகத்தில் கை ஒரு மயிரிழை பிசகினால் அதுவும் மேகம்தான். முகத்தில் பிசகினால் அது வேறு ஆள். என் பத்திலும் பத்துப் பேர் வந்தார்கள். நான் கூப்பிட்டவன் வரவில்லை.

வியாழக்கிழமை டாக்டர் வந்தபோது ஜாடி மேஜைமேல் இருந்தது. நூலில் புது அட்டை. அவர் முதலில் அதைப் படித்தார்: ‘கை பட்டது. பாலத்தில் இரண்டாவது ஆளின் முகத்தில் சிறு மூளி. அதை மறைக்க என் கணவர் மேகம் வரைந்திருந்தார். மேகத்தை நான் எடுத்துவிட்டேன். மூளி அப்படியே இருக்கிறது.’

படித்துவிட்டு ஜாடியைப் பார்த்தார். தன்னுடைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பல்லைப் பார்க்கிறமாதிரி குனிந்து பார்த்தார். நெடுநேரம் ஆயிற்று.

“அப்ப அந்த அட்டை?”

“அவர் இந்த ஜாடிக்கு அட்டையே எழுதலை, டாக்டர். கை படாததுன்னு எழுத அவரால முடியலை. கை பட்டதுன்னு எழுதினா என்ன செஞ்சேன்னும் எழுதணும். ரெண்டும் எழுதாம, விக்காம வீட்டுல வச்சிட்டாரு. நான்தான் கேக்காமலே ஒரு பதிலை வச்சிக்கிட்டு எழுதினேன். தப்பு என்னோடது. உங்க பதினொண்ணும் அவர் எழுதினது.”

ஒரு நாளில் நான் பேசுகிற அளவை ஒரே மூச்சில் பேசியிருந்தேன். பதிவேட்டைத் திறந்து அந்த ஒன்பது வரிகளைக் காட்டினேன். டின்னைத் திறந்து காட்டினேன். இதையெல்லாம் அவர் நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. என்னிடம் இருந்தது இவ்வளவுதான்.

அக்கா ஒரு சில்லை எடுத்து நீட்டினார். “இதைப் பாருங்க டாக்டர். இது உங்க ஆளு. கடைவாய்ப் பல்லு வலி.”

டாக்டர் பார்த்தார். சிரிப்பை அடக்க முயன்று முடியாமல் தோள் குலுங்கியது. “கீழ் வரிசை, இடது பக்கம்” என்றார். பிறகு சில்லைக் கவனமாக டின்னுக்குள் வைத்தார். ஜாடியை நோக்கி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“என் பதினொண்ணு இருக்கட்டும் அம்மா. அதுங்க இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்.” ஜாடியைக் காட்டி, “இதைக் குடுப்பீங்கதானே?” என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

“முகம் போட்டுத் தர ஆள் இருக்காங்களா?” என்றார் டாக்டர்.

“இருக்கலாம். தேடினா கிடைப்பாங்க. ஆனா இங்க போடுறதில்ல” என்றேன்.

“வேண்டாம். வந்து சேந்தானே, அதுவே போதும்.” அவர் பூதக்கண்ணாடியை எனக்கு நகர்த்தினார். “ஒண்ணு மட்டும் சொல்லுங்க. முன்னாடி போறவர் திரும்பி என்னமோ கேக்குறாரு, பாருங்க. என்ன கேக்குறாருன்னு நினைக்கிறீங்க?”

இருபத்திரண்டு வருஷம் நான் யோசித்ததெல்லாம் யாரைப் பார்க்கிறார் என்றுதான். என்ன கேட்கிறார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. குனிந்து அந்த இரண்டு புள்ளியையும் ஒரு கோட்டையும் பார்த்தேன்.

“இதுல என்ன இருக்கு?” என்றார் அக்கா, ஜாடிக்குப் பெட்டி தேடிக்கொண்டே. “‘இவ்ளோ நாளா எங்கய்யா போயிருந்த?’ன்னுதான்.”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். நான் டின்னை மூடி, பின்னறைக் கதவடியில் பழைய இடத்தில் வைத்தேன். அதற்கு முன் ஒரே ஒரு சில்லை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். இன்னும் முழுதாகப் பார்த்து முடிக்கவில்லை. அதில் மட்டும் முப்பத்தேழு பேர் இருந்தார்கள்.